காக்கை தொடாத சோறு

தணிகாசலம் சொன்னால் செய்துவிடுவார். பிள்ளையார்பாளையத்தில் அவரைப் பற்றி வேறு பேச்சு கிடையாது. நல்ல மனுஷன் என்று யாரும் சொன்னதில்லை. கெட்டவர் என்றும் சொன்னதில்லை. முகூர்த்தப் புடவையைத் தை பிறக்குமுன் தறியிலிருந்து இறக்கித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டால், காய்ச்சலோடு தறிக்குழியில் உட்கார்ந்தாவது இறக்கிவிடுவார். இன்னாரோடு இனிப் பேச மாட்டேன் என்றால், அந்த இன்னார் பாடையில் போகும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படி ஒரு ஜென்மம்.

அவருக்கு இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பகை. கடல்.

அவருடைய தம்பி ராமலிங்கம் மாசிமகத்துக்கு மாமல்லபுரம் போய்க் கடலில் முழுகினான். முழுகினவன் எழுந்திருக்கவில்லை. அண்ணன்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அவன் தலைக்காகக் காத்திருந்தார். அலை வந்தது, போனது. தலை வரவில்லை. பொணமும் கிடைக்கவில்லை. செத்தானா இல்லையா என்றே தெரியாமல் வீட்டில் எல்லாரும் தவித்தார்கள். அடுத்த அமாவாசைக்கு அவர்களுடைய அப்பா படையல் போட்டுப் பின்கட்டுச் சுவரின் மேல் இலையை வைத்து "கா... கா..." என்றார். எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து ஒரே மூச்சில் தின்றுவிட்டுப் போனது. "போய்ட்டான். வாங்கிக்கினான்" என்று சொல்லிவிட்டு அந்தக் கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றைக்குத்தான் வீட்டில் ஒப்பாரியே வைத்தார்கள்.

நெசவாளிகளுக்கு அமாவாசைதான் லீவு. ஊரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்று பறந்தாலும் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும். அமாவாசையன்று தெருவே சத்தமில்லாமல் கிடக்கும். அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, செத்தவர்களுக்குச் சோறு வைத்துவிட்டு, கோயிலுக்கோ சினிமாவுக்கோ போவார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்குத்தான் கடற்கரைப் பட்டணத்தில் படிப்பு வாய்த்தது. தணிகாசலத்தின் ஒரே மகன் கச்சபேசன் பட்டுக்குச் சாயம் போடுவதில் கெட்டிக்காரன். அறுபத்தேழில், தேர்தல் முடிந்த கையோடு, ஜப்பானில் சாயப் படிப்புக்குச் சர்க்காரில் அவனைப் பொறுக்கி எடுத்தார்கள். கோபே என்று ஒரு துறைமுகம். ஒன்றேகால் வருஷம். போக வரச் செலவு அவர்களுடையது.

தணிகாசலம் மகனைத் தறி முன்னால் நிறுத்திக் கற்பூரம் ஏற்றினார்.

"கப்பல்ல போற. சரி, அதுக்கு வேற வழியில்ல. ஆனா கடல்ல கால வெக்க மாட்டேன்னு தறி மேல கைய வெச்சிச் சொல்லு."

"சரி நைனா."

"சரின்னா? வாயத் தொறந்து சொல்றா."

"கடல்ல கால வெக்க மாட்டேன் நைனா."

தபால்காரர் யேசுதாஸ் அப்போது வாசலில் நின்றிருந்தார். அந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் கடுதாசி கொடுப்பதும் அவர்தான், படித்துச் சொல்வதும் அவர்தான். வாயும் கொஞ்சம் நீளம்.

"இன்னாணா இது அநியாயமா இருக்குது? ஆமை பூச பண்ண சாமின்னு கச்சபேசன்னு பேர வெச்சிட்டு, தண்ணிப் பக்கம் போவாதன்னா பையன் இன்னாதான் பண்ணுவான்?" என்றார்.

தணிகாசலம் சிரிக்கவில்லை.

கோபேயில் ஆறு நாள் படிப்பு, ஞாயிறு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூடப் படிக்கிறவர்களோடு எங்கேயாவது போவான். போன இடத்தைப் பற்றி நீலத் தாளில் எழுதுவான். யேசுதாஸ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படிப்பார். கம்பியில் தொங்குகிற பெட்டியில் ஏறி மலைக்குப் போனது முதல் கடுதாசி. மேலே நின்று பார்த்தால் துறைமுகத்துக் கப்பலெல்லாம் எலிப்பிள்ளை மாதிரி தெரிந்ததாம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கடலோரம் விளக்கு விடுவதைப் பார்த்துவிட்டு வந்தான். அந்த ஊரில் செத்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வருவார்களாம். அவர்கள் திரும்பிப் போக வழி தெரியவேண்டும் என்று காகிதக் கூண்டுக்குள் விளக்கேற்றித் தண்ணீரில் விடுவார்களாம். 'கடல் முழுக்க விளக்கு நைனா. எல்லாம் தானாகவே ஒரே பக்கமாகப் போகிறது' என்று எழுதியிருந்தான்.

"கரையிலதானே நின்னான்?" என்றார் தணிகாசலம்.

"கரையிலதாண்ணா எழுதிக்கீறான்" என்றார் யேசுதாஸ்.

அதற்கடுத்த கடுதாசியைப் பாதி படித்துவிட்டு யேசுதாஸ் நிறுத்தினார்.

"மீதியையும் படிபா."

யேசுதாஸ் மென்று முழுங்கிப் படித்தார். 'நைனா, உங்களிடம் பொய் எழுத எனக்கு மனசு வரவில்லை. போன ஞாயிறு சூமா என்ற இடத்தில் கடலில் இறங்கினேன். நீச்சல் கற்றுக்கொள்கிறேன். சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியாது, அதனால்தான் போய்விட்டார். எனக்குத் தெரிந்துவிட்டால் உங்களுக்கு அப்புறம் பயம் இருக்காது.'

தணிகாசலம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சர்வதீர்த்தக் குளத்துக்கு நடந்தார். கருமாதி செய்கிற படித்துறையில் இறங்கித் தலை முழுகினார். ஈரம் சொட்ட வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு தெருவே கேட்கச் சொன்னார்.

"அவன் செத்துட்டான். எனக்குப் புள்ள இல்ல."

அவருடைய சம்சாரம் அங்கம்மாள் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். "இன்னாய்யா பேச்சு இது? வாயக் கழுவு!"

சொன்னால் செய்கிறவர் ஆயிற்றே. கோபத்தில் மகனைத் தலை முழுகுகிறவர்கள் ஊரில் நாலு பேர் உண்டு. அதோடு விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. அடுத்த அமாவாசைக்கு, உயிரோடு இருக்கிற மகனுக்குப் படையல் போட்டார். அங்கம்மாள் அடுப்பைத் தொட மாட்டேன் என்றாள். இவரே சோறு பொங்கி, வாழைக்காய் வேகவைத்து, எள் தூவி, இலையைப் பின்கட்டுச் சுவரின் மேல் வைத்து, "கச்சபேசா... கா... கா..." என்று கூப்பிட்டார்.

காக்கைகள் வந்தன. வந்து சுவரில் வரிசையாக உட்கார்ந்தன. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தன. ஒன்றும் கிட்டே போகவில்லை. அப்படியே எழுந்து பறந்துவிட்டன. சாயங்காலம் வரைக்கும் சோறு கிடந்து விறைத்தது. எறும்புகூட ஏறவில்லை. தெரு நாய்க்குத் தூக்கிப் போட்டார். அது மோந்து பார்த்துவிட்டு, வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டது.

"எப்புடித் தின்னும்? எம்புள்ள உசுரோட இருக்குறான்யா" என்றாள் அங்கம்மாள்.

"வெக்கிறது என் வேல. திங்கிறதும் திங்காததும் அதும்பாடு."

அமாவாசைக்கு அமாவாசை இதே கதைதான். தெருவில் பெண்கள் அன்றைக்கு அந்த வீட்டுப் பின்பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். கடுதாசிகள் வந்துகொண்டுதான் இருந்தன. தணிகாசலம் தொட மாட்டார். யேசுதாஸ் தெருக்கோடிக் குழாயடியில் அங்கம்மாளுக்கு மட்டும் படித்துச் சொல்வார். அவள் கேட்டுவிட்டு டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் வைப்பாள். மறுவருஷம் வெயில் காலத்தோடு கடுதாசியும் நின்றுபோயிற்று.

அங்கம்மாள் வாய்விட்டு அழுதாள். தணிகாசலம் அழவில்லை. ஆனால் தபால் வருகிற நேரத்துக்கு தறி நாடாவை ஓட்டாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சைக்கிள் மணி கேட்கும். வீட்டைத் தாண்டிப் போகும். அப்புறந்தான் கை அசையும். மனசுக்குள் அவருக்கு ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. காக்கை தொடாத வரைக்கும் பையன் இருக்கிறான். தம்பிக்கு முதல் நாளே தின்ற காக்கை இவனுக்கு ஒரு வருஷமாகத் தின்னவில்லை. வீம்புக்கு வைக்க ஆரம்பித்த படையலை, தொடாமல் கிடப்பதைப் பார்ப்பதற்காகவே இப்போது வைத்துக்கொண்டிருந்தார்.

ஆடி அமாவாசை வந்தது. உச்சிப்பொழுதில் இலையைச் சுவரில் வைத்துக் கூப்பிட்டார். ஒரு காக்கையையும் காணோம். செம்பில் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்தால் இலை காலி. ஒரு பருக்கை இல்லை. எள்ளும் இல்லை. வழித்துத் துடைத்த மாதிரி இலை பளபளவென்று கிடந்தது.

செம்பு கையிலிருந்து விழுந்தது. தணிகாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். "வாங்கிக்கினான்" என்று அப்பா சொன்ன குரல் காதுக்குள் கேட்டது. உள்ளே இருக்கிற அங்கம்மாளுக்கு என்னவென்று சொல்வது? கூப்பிட வாயைத் திறந்தார்.

கிணற்றடியில் தண்ணீர் சிந்துகிற சத்தம் கேட்டது.

முழுக்கால் சட்டை போட்ட ஒருவன் குனிந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தோல் பெட்டி. நிமிர்ந்து இவரைப் பார்த்தான்.

"நைனா."

இவர் சுவரைப் பிடித்தபடியே அவனைப் பார்த்தார்.

"மெட்ராஸ்ல எறங்கி பஸ்ஸைப் புடிச்சி நேரா வரேன். வாசப்பக்கம் வந்தா வெரட்டுவீங்கன்னு பின்சந்து வழியா வந்தேன். பசி உயிர் போச்சு. எலையில சோறு இருந்துது. அம்மா எனக்குன்னுதான் வெச்சிருக்காங்கன்னு தின்னுட்டேன்."

தணிகாசலம் தவழாத குறையாக எழுந்து போய் அவன் கையைப் பிடித்தார். கை இருந்தது. ஆனால் சில்லென்று இருந்தது. ஆடி வெயிலில், கிணற்றடிக் கல்லைப் போல.

அங்கம்மாள் வந்து கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, இலையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. தனக்கு வைத்த பிண்டத்தை அவனே தின்றிருக்கிறான்.

சாயங்காலம் சோறு போட்டாள். வேண்டாம் என்றான்.

"வயிறு ரொம்பிக் கெடக்குதும்மா."

மறுநாளும் அதையேதான் சொன்னான். அதற்கு மறுநாளும் அதுவே. தண்ணீர் குடிப்பான். சோற்றைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். குழாய் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போய், சட்டை கொடியில் தொங்குகிற மாதிரி உடம்பில் தொங்கியது. தணிகாசலம் அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அவன் நடுக்கூடத்தில் பாயில் படுத்துக்கொண்டு, இவர் கேட்காமலேயே, தன் ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னான்.

"நீச்சல் நல்லா வந்துச்சு நைனா. ஆனா மாசத்துக்கு ஒரு நாளு ஒடம்பு ஒரு மாதிரி ஆவும். பொழுது சாயறதுக்கு மின்ன, ஒண்ணுந் திங்காமயே வயிறு கல்லு மாதிரி ரொம்பிடும். வாயில எள்ளு ருசி. மொதல்ல கடத்தண்ணி குடிச்சதாலன்னு நெனச்சேன். அப்புறம் காலண்டரப் பார்த்தேன். அமாவாச."

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"ஒரு ஞாயித்துக்கெழம எல்லாரும் படகுல போனோம். ரெண்டு தீவுக்கு நடுவுல கடல் சுழலும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்குந்தான் நல்லா சுழலுமாம், அதான் அன்னிக்கிப் போனோம். நம்ம ராட்டினம் சுத்துதே, அந்த மாதிரி தண்ணி சுத்துது. நடுவுல குழி. படகுக்காரரு இஞ்சின நிறுத்தினாரு. ஒரே நிசப்தம். அந்தக் குழிக்குள்ளேர்ந்து யாரோ கூப்புட்டாங்க நைனா."

"இன்னான்னு?"

"கா... கா...ன்னு. ஒங்க கொரலு."

அங்கம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"எம்பேரும் கேட்டுச்சு. கூப்புடறீங்களேன்னு நான் குனிஞ்சேன். கூட வந்தவன் பெல்ட்டப் புடிச்சி இழுக்கலேன்னா உள்ள போயிருப்பேன். பயந்துபோயி அதோட கடுதாசி எழுதறத நிறுத்திட்டேன். நீங்க அங்க இல்லாம எப்புடிக் கூப்புட்டீங்க?"

தணிகாசலத்துக்கு எல்லாம் புரிந்தது. காக்கை தொடாத சோறு வீணாகப் போகவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் அது நேரே அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தொடவில்லை, தொடவில்லை என்று இவர் இங்கே நிம்மதியாக இருந்த ஒவ்வொரு பகலும், அங்கே இவர்தான் அவனைச் செத்தவர்கள் பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கங்கையம்மாளைக் கூட்டி வந்தார். கச்சபேசன் பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சி. அவள் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், பிறகு தணிகாசலத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாக் கீறய்யா நீயும் ஒன் ரோஷமும். சாவுச் சோத்தப் போட்டு வளத்துக்கினு இருந்திருக்கிற."

"வழி சொல்லும்மா. திட்டறத அப்புறம் திட்டு."

"புள்ளைங்க பொறந்து பொறந்து செத்தா இன்னா பண்ணுவோம்? குப்பையில போட்டு, தவிட்டுக்கு வாங்குவோம். எமன் கணக்குல அந்தப் புள்ள வேற ஆளாயிடும். இவனுக்கும் அதான். வேற தெரியாது எனக்கு." சொல்லிவிட்டு விரலை நீட்டினாள். "ஆனா ஒண்ணு கேட்டுக்க. குப்பையில போட்டது போட்டதுதான். எடுக்கறது வேற புள்ள. பழைய பேர வாய் தவறிக்கூடச் சொல்லிக் கூப்புடக் கூடாது."

"உயிரோட இருந்தா போதும்" என்றார் தணிகாசலம்.

பட்டப்பகலில், தெருவே கூடி நிற்க, அது நடந்தது. ஜப்பானில் படித்துவிட்டு வந்தவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைமேட்டில் உட்காரவைத்தார்கள். சாம்பல், வாழைமட்டை, அறுந்த பட்டுநூல் சிக்கல். அதன் நடுவில் கோபே தையற்காரன் தைத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தான். "குப்பைக்கும் பெல்ட்டு போட்டுக்கினு வந்துக்கீறாரு தொர" என்று யாரோ ஒருவன் சொன்னான். நாலு பேர் சிரித்தார்கள். தணிகாசலம் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

ஒரு வருஷத்துக்கு முன் ஈரத்துணியோடு கத்தினாரே, அதே வார்த்தையை இப்போதும் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு வாயிலிருந்து சுலபமாக வந்தது. இன்றைக்குத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"எனக்குப் புள்ள இல்ல. கச்சபேசன் செத்துட்டான்."

திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். கங்கையம்மாள் குப்பையிலிருந்து அவனைக் கைகொடுத்து எழுப்பி, வாசலுக்குக் கூட்டி வந்து, ஊர் தெரியாதவள் மாதிரி கூவினாள்.

"குப்பையில ஒரு புள்ள கெடச்சுது. வேணுமாம்மா?"

அங்கம்மாள் ஒரு படி தவிட்டை அவள் முறத்தில் கொட்டினாள். "வேணும். குடு."

குப்புசாமி என்று காதில் மூன்று தரம் சொன்னார்கள். அவன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அம்மா, பசிக்குது."

அன்று அங்கம்மாள் மூன்று தரம் உலை வைத்தாள். உடம்பில் சூடு வந்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. தணிகாசலம் அந்த வேர்வையைத் துண்டால் ஒற்றியெடுத்து, துண்டை மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்.

பத்து நாளில் அவன் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தான். படிப்பு எல்லாம் நினைவிருந்தது. எந்தச் சாயத்துக்கு எவ்வளவு கொதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அப்பா, அம்மா, தெரு, கோயில் எல்லாம் நினைவிருந்தது. ஒரு நாள் தணிகாசலம், பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்டார்.

"அந்தச் சுழல் இருக்குதே, அது எம்மாம் பெருசுடா?"

"எந்தச் சுழல் நைனா?"

"கடல்ல. ஞாயித்துக்கெழம படகுல போனியே."

"ஞாயித்துக்கெழம நான் எங்க போனேன்? ரூம்லயேதான் இருப்பேன்னு நெனைக்கிறேன். கடல நான் பார்த்ததே இல்லியே நைனா. கப்பல்லகூட உள்ளாறவே படுத்துக்கினு வந்திருப்பேன் போல."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. சர்வதீர்த்தக் குளத்துக்குக் கூட்டிப் போனார். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று நடுங்கினான். "நீச்சல் தெரியாதே நைனா" என்று இவர் தோளைப் பிடித்துக்கொண்டான். இவர் கேட்டுப் பெற்ற பிள்ளை இவன்தான். கடலில் காலை வைக்காத பிள்ளை.

ஆவணி அமாவாசை வந்தது. தணிகாசலம் இலை போடவில்லை. உச்சிப்பொழுதில் சுவர் நெடுக காக்கைகள் வந்து உட்கார்ந்தன. கத்தவில்லை. பின்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. இவர் கல்லை விட்டெறிந்தார். அசையவில்லை. வெறும் சோற்றை அள்ளி வைத்தார். தொடவில்லை. வெயில் நகர்ந்தும் அவை நகரவில்லை.

கடைசியில் உள்ளே போய் வாழைக்காயை அவரே வேகவைத்தார். எள் தூவினார். இலையைச் சுவரில் வைத்துவிட்டு, மருத்துவச்சி சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தும், வாயைப் பொத்திக்கொண்டு, தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"கச்சபேசா."

நடுவில் இருந்த ஒரு காக்கை இறங்கியது. நிதானமாகத் தின்றது. ஒரு பருக்கை விடாமல் தின்றது. அலகைச் சுவரில் துடைத்துக்கொண்டு, கிழக்கே பறந்து போனது. மற்றவையும் கலைந்தன.

கூடத்தில் குப்புசாமி படுத்திருந்தான். பயந்து போய் எட்டிப் பார்த்தார். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. பழைய பேரைச் சொன்னதற்கு ஒரு புருவம்கூட அசையவில்லை. அவனைக் கூப்பிட்டதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

தணிகாசலம் அங்கம்மாளிடம் போய் நின்றார். "பொட்டியில கடுதாசி வெச்சிருக்கியாமே. எடு."

யேசுதாஸை ஆளனுப்பிக் கூப்பிட்டார். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் தாளைப் பிரித்தார். கம்பியில் தொங்குகிற பெட்டி, மலை, எலிப்பிள்ளை மாதிரிக் கப்பல்கள். அப்புறம் விளக்குகள். அப்புறம் தணிகாசலம் ஒரு தடவைகூடக் காது கொடுக்காத கடுதாசிகள். மணலில் வலை காயப்போடும் பெண்கள். மழையில் நனைந்துகொண்டு ரயிலைத் தவறவிட்ட ஞாயிறு. 'இன்றைக்கு முதல் தரமாக யாரும் பிடிக்காமல் மிதந்தேன் நைனா, வானம் மட்டும் தெரிந்தது.' யேசுதாஸ் இந்த முறை நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு குப்புசாமி எழுந்து வந்து தூணில் சாய்ந்து நின்று கேட்டான். அவனுக்குப் பிடித்திருந்தது. கடைசித் தாள் முடிந்ததும் சொன்னான்.

"நல்லா எழுதிக்கீறாரே. யாரு நைனா இவரு?"

யேசுதாஸ் தலையைக் குனிந்து தாள்களை அடுக்கினார். அங்கம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். தணிகாசலம் பின்கட்டுச் சுவரைப் பார்த்தார். காலி இலை காற்றில் மெல்லப் புரண்டது.

"என் மூத்த பையன்" என்றார்.